பக்கவாதத்துக்குப் பின் நடை: மூளையில் நடப்பது என்ன, வீட்டில் செய்ய வேண்டியது என்ன?

சென்னையில் பக்கவாத நோயாளிகளுக்கு நடைப்பயிற்சி அளிக்கும் பிசியோதெரபிஸ்ட் என்ற முறையில், நோயாளியின் மனைவியும் மகனும் மருமகளும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பி, மருந்துகளை ஒழுங்காக எடுத்துக்கொண்டு, அடுத்து நடையைப் பற்றி யோசிக்கத் தொடங்கும் குடும்பங்களுக்காக எழுதப்பட்டது இது. மருந்தைப் பற்றிய முடிவுகளை உங்கள் நரம்பியல் மருத்துவரிடமே விட்டுவிடுங்கள்.

காலில் அடி எதுவும் படவில்லையே, பிறகு ஏன் நடக்க முடியவில்லை?

தசையும் எலும்பும் காலில் வெளியே ஓடும் நரம்பும் நன்றாகவே இருக்கின்றன. அவற்றுக்குக் கட்டளை வந்து சேரவில்லை. அசைவுக்குக் கட்டளையிடும் மூளையின் மேற்பரப்புப் பகுதியான இயக்கப் புறணியிலிருந்து புறப்படும் நரம்பிழைகள் கீழே இறங்கி, மூளைத் தண்டின் அடிப்பகுதியான முகுளத்தில் பெரும்பாலும் எதிர்ப்பக்கத்துக்குக் கடந்து, தண்டுவடத்தின் வழியாகக் கால் தசைகளை அடைகின்றன. அதனால்தான் மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டால் வலது கால் தளர்கிறது. இந்த இழைகள் மூளையின் உட்புறத்தில் ஓரிடத்தில் மிக நெருக்கமாகச் சேர்ந்து செல்கின்றன. அங்கே ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு ரத்த ஓட்டம் தடைப்பட்டாலும் கையும் காலும் சேர்ந்தே செயலிழக்கலாம். 'ஸ்கேனில் சின்னப் புள்ளிதான் தெரிகிறது என்றார்கள், ஆனால் ஒரு பக்கம் முழுவதும் போய்விட்டதே' என்று குடும்பத்தினர் குழம்புவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஆனால் நடையை இயக்குவது இந்த ஒரு பாதை மட்டும் இல்லை. இடது, வலது என்று கால்கள் மாறி மாறி அடியெடுக்கும் தாளத்தை உருவாக்கும் நரம்பு வலைகள் தண்டுவடத்திலேயே இருக்கின்றன. நடையைத் தொடங்கவும் வேகத்தைக் கூட்டவும் மூளைத் தண்டில் மையங்கள் உண்டு. ஒவ்வோர் அடியின் அளவையும் நேரத்தையும் சிறுமூளை திருத்திக்கொண்டே இருக்கிறது. பொதுவான பக்கவாதத்தில் இவற்றில் பல தப்பிவிடுகின்றன. நடை திரும்பும் என்ற நம்பிக்கைக்கு உடலமைப்பு சார்ந்த காரணம் இதுவே.

கால் அசையத் தொடங்கிவிட்டது, கை மட்டும் அப்படியே இருக்கிறது. ஏன்?

கைக்கான பகுதி மூளையின் வெளிப்புறத்திலும் காலுக்கான பகுதி இரு அரைக்கோளங்களுக்கும் நடுவே உள்ள உட்புறச் சுவரிலும் இருக்கின்றன. அடைப்பு அதிகம் ஏற்படுவது வெளிப்புறத்துக்கு ரத்தம் கொடுக்கும் நடுப் பெருமூளைத் தமனியில். உட்புறச் சுவருக்கு வேறொரு தமனி ரத்தம் கொடுக்கிறது. தவிர, சட்டைப் பொத்தானைப் போடும் கைக்கு விரல் விரலாகக் கட்டளை வேண்டும். உடலைத் தாங்கி நிற்கும் காலுக்கு மூளைத் தண்டிலிருந்து இறங்கும் பழைய பாதைகளும் உதவிக்கு வருகின்றன.

செத்துப்போன மூளைப் பகுதி மீண்டும் உயிர் பெறுமா?

பெறாது. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுவதே குடும்பத்துக்குச் செய்யும் மரியாதை. ஆனால் முதல் வாரத்தில் செயலிழந்து நிற்கும் எல்லாமே செத்துப்போனவை அல்ல. பாதிப்பைச் சுற்றியுள்ள வீக்கம் வடிகிறது. சேதமடைந்த இடத்தோடு இணைப்பில் இருந்ததாலேயே தற்காலிகமாக ஓய்ந்துபோன தூரத்துப் பகுதிகள் மெல்ல விழிக்கின்றன. அதோடு, பிழைத்த நரம்பணுக்கள் புதிய கிளைகளை விட்டு, இதுவரை பயன்படாமல் கிடந்த இணைப்புகளை வலுப்படுத்திக்கொள்கின்றன. முதல் சில வாரங்களில் இந்த மாற்றங்கள் வேகமாக நடக்கின்றன. எந்த இணைப்பு வலுப்பெறும் என்பதை, அந்தக் காலத்தில் நோயாளி எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறார் என்பது பெருமளவு தீர்மானிக்கிறது. படுத்தே இருந்தால், மூளை படுத்திருப்பதற்கு ஏற்பவே தன்னை அமைத்துக்கொள்ளும்.

ஒருவர் நடந்துகொண்டிருக்கும்போது அவருடைய மூளை வேலை செய்வதைப் பார்க்க முடியுமா?

எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்பதால், அதில் நடையைப் பார்க்க வழியில்லை. கணுக்காலையோ முழங்காலையோ அசைக்கச் சொல்லித்தான் பார்க்க முடியும். நடையை நேரடியாகப் பார்க்க இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, மின்முனைகள் பதித்த தொப்பியைத் தலையில் அணிவித்து மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. மற்றொன்று, மண்டையோட்டின் வழியாக அகச்சிவப்புக்கு அண்மையிலுள்ள ஒளியைச் செலுத்தி, எந்தப் பகுதிக்கு ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் அதிகம் பாய்கிறது என்று அளக்கும் முறை. பின்னது மூளையின் மேற்பரப்பை மட்டுமே காட்டும். சிறுமூளையும் மூளைத் தண்டும் அதன் எல்லைக்கு வெளியே.

இந்த ஒளி முறையைக் கொண்டு ஜப்பானில் மியாய் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வை நான் நோயாளிகளின் குடும்பங்களுக்கு அடிக்கடி எடுத்துச் சொல்வேன். பக்கவாதம் வந்த 8 பேரை டிரெட்மில்லில் நடக்கவைத்து, மறுவாழ்வுச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அவர்கள் மூளையைப் பதிவு செய்தார்கள். தொடக்கத்தில் செயல்பாடு ஒருபக்கச் சாய்வாக, பாதிக்கப்படாத அரைக்கோளத்தில் மிகுந்திருந்தது. நடை சீரானபோது இரு பக்கங்களுக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வு குறைந்தது. பாதிக்கப்பட்ட பக்கத்தில், இயக்கத்தைத் திட்டமிடும் முன்பகுதியின் செயல்பாடு கூடியது. எட்டுப் பேரை வைத்துப் பெரிய முடிவுக்கு வரக் கூடாதுதான். ஆனாலும் காலில் நாம் காணும் மாற்றமும் மூளையில் நிகழும் மாற்றமும் சேர்ந்தே செல்கின்றன என்பதை மனிதர் நடந்துகொண்டிருக்கும்போதே காட்டிய ஆய்வு அது.

உங்கள் கையில் உள்ள எம்.ஆர்.ஐ. படம் சேதம் எங்கே என்று மட்டுமே சொல்லும். முன்னேற்றம் தெரிகிறதா என்று பார்க்க மாதந்தோறும் ஸ்கேன் எடுப்பதற்குப் பதிலாக, பத்து மீட்டர் தூரத்தைச் சுவரில் குறித்துக்கொண்டு, அதைக் கடக்க எத்தனை விநாடி ஆகிறது என்று கடிகாரத்தில் பாருங்கள். விநாடிக்கு 0.4 மீட்டருக்குக் கீழே என்றால் நடை பெரும்பாலும் வீட்டுக்குள் அடங்கும், 0.8-ஐத் தாண்டினால் வெளியே சென்று வரும் தெம்பு வந்துவிட்டது என்று கொள்ளலாம். அதாவது பத்து மீட்டரை 25 விநாடியில் கடந்தவர் 12 விநாடிக்கு வருவது, தெருமுனைக் கடை வரை போய்வருவதற்குச் சமமான மாற்றம்.

நடக்கும்போது பேச்சுக் கொடுத்தால் அப்பா நின்றுவிடுகிறார். காது கேட்கவில்லையா, பிடிவாதமா?

இரண்டும் இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

நலமாக இருக்கும்போது நாம் நடப்பதைப் பற்றி யோசிப்பதில்லை. நடை தானாக நிகழ, மூளையின் முன்பகுதி பேச்சுக்கும் கணக்குக்கும் சாலையைக் கவனிக்கவும் ஓய்வாக இருக்கிறது. பக்கவாதத்துக்குப் பின் தானாக நிகழ்ந்தது நின்றுபோகிறது. முழங்கால் மடியாமல் பார்த்துக்கொள்வது, பாதத்தைத் தூக்குவது, உடல் எடையை மாற்றுவது என்று ஒவ்வோர் அடியையும் நினைத்து நினைத்து எடுக்க வேண்டியிருக்கிறது. நடக்கும்போது மூளையைப் பதிவு செய்த ஆய்வுகள் பலவற்றில், பக்கவாதம் வந்தவர்களின் நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்பகுதி, அதே வயதுடைய மற்றவர்களைவிட அதிகமாக வேலை செய்வது தெரிகிறது. புதிதாகக் கார் ஓட்டக் கற்றவர் அண்ணா சாலை நெரிசலில் வாயைத் திறக்காமல் ஓட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் அப்பாவின் நிலையும் அதுதான். பேச்சுக்குப் பதில் சொல்ல வேண்டுமானால், நடைக்குக் கொடுத்த கவனத்தைத் திரும்ப எடுக்க வேண்டும். அதனால் நிற்கிறார். அவர் நிற்பது விவேகமான செயல். நிற்காமல் பதில் சொல்ல முயன்றால்தான் விழுவார்.

ஸ்வீடனில் முதியோரிடம் செய்து 1997-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, நடந்தபடி பேச முடியாமல் நின்றுவிடுபவர்களே அடுத்த மாதங்களில் அதிகம் விழுந்தார்கள் என்று காட்டியது. ஆகவே இது கவனிக்க வேண்டிய அறிகுறி.

நம் வீடுகளில் நடப்பதை யோசித்துப் பாருங்கள். ஹாலிலிருந்து பாத்ரூமுக்கு ஒருவர் வாக்கரோடு செல்கிறார். மனைவி, 'காலைத் தூக்கி வைங்க' என்கிறார். மகன், 'நேரா பாருங்கப்பா' என்கிறான். சமையலறையிலிருந்து மருமகள், 'மாமா, அங்கே ஈரம்' என்கிறார். டி.வி.யில் செய்தி ஓடுகிறது. பேரன் குறுக்கே ஓடுகிறான். எல்லாம் அக்கறைதான், ஆனால் அத்தனையும் அவருடைய முன்மூளைக்குள் ஒரே நேரத்தில் போய்ச் சேருகின்றன. முதல் சில வாரங்களுக்கு ஒருவர் மட்டும் பேசுங்கள், அதுவும் அவர் அடியெடுக்கும் முன்போ நின்ற பின்போ. டி.வி.யை நிறுத்துங்கள். ஈரத்தை முன்கூட்டியே துடைத்துவிடுங்கள்.

நடை ஓரளவு உறுதிப்பட்ட பிறகு இதைத் திருப்பிப் போட வேண்டும். நடந்துகொண்டே வாரத்தின் நாட்களைத் தலைகீழாகச் சொல்வது, காலியான தம்ளரை ஏந்தி நடப்பது, பிறகு பாதி தண்ணீரோடு நடப்பது என்று வேண்டுமென்றே இரண்டாவது வேலையைச் சேர்க்கிறோம். உண்மையான தெருவில் யாரும் மௌனமாக வழிவிட்டு நிற்கப்போவதில்லையே. நடை மறுபடி தானாக நிகழத் தொடங்கிவிட்டதா என்பதற்கு, பேசிக்கொண்டே நடக்க முடிகிறதா என்பதைவிட நல்ல வீட்டுச் சோதனை எனக்குத் தெரிந்து இல்லை.

எப்போது நடப்பார் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?

ஓரளவுக்கு முடியும். நெதர்லாந்தில் 2011-இல் வெளியான ஆய்வில், தொடக்கத்தில் நடக்க முடியாத நோயாளிகளை முதல் 72 மணி நேரத்துக்குள் இரண்டே விஷயங்களில் சோதித்தார்கள்: பிடிமானமின்றி 30 விநாடி உட்கார முடிகிறதா, பாதிக்கப்பட்ட காலில் சிறிதேனும் வலு இருக்கிறதா. இரண்டும் இருந்தவர்கள் ஆறு மாதத்தில் பிறர் உதவியின்றி நடக்கும் வாய்ப்பு 98 விழுக்காடு. இரண்டும் இல்லாதவர்களுக்கு அது 27 விழுக்காடு. ஒன்பதாம் நாளும் அதே நிலை நீடித்தால் சுமார் 10 விழுக்காடு. இந்த எண்கள் ஒரு கூட்டத்தைப் பற்றியவை. உங்கள் அம்மாவுக்கான தீர்ப்பாக அவற்றைக் கொள்ளாதீர்கள். ஆனால் நடைக்கு முன் உட்காரும் சமநிலைக்கு நாங்கள் ஏன் இவ்வளவு நேரம் செலவிடுகிறோம் என்பது இதிலிருந்து விளங்கும். கட்டில் ஓரத்தில் கால்கள் தரையைத் தொட உட்காரவைத்து, பக்கவாட்டில் இருக்கும் பொருளை எட்டி எடுக்கச் சொல்வது வெறும் பொழுதுபோக்கு அல்ல.

அப்படியானால் மறுநாளே எழுப்பி நடக்க வைக்கலாமே?

வேண்டாம். 2015-இல் வெளியான அவெர்ட் என்ற பெரிய ஆய்வில் ஐந்து நாடுகளைச் சேர்ந்த 2,104 நோயாளிகள் பங்கேற்றார்கள். 24 மணி நேரத்துக்குள் அடிக்கடியும் நீண்ட நேரமும் எழுப்பி நடமாட வைக்கப்பட்டவர்கள், வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிட மூன்று மாதத்தில் சற்றுப் பின்தங்கியே இருந்தார்கள். பின்னர் அதே தரவுகளை அலசியபோது, குறைந்த நேரமாகவும் அதிக தடவையாகவும் எழுப்புவது நல்லது என்று தெரிந்தது. முதல் நாட்களில் எப்போது, எவ்வளவு என்பதை மருத்துவக் குழு சொல்லட்டும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நடக்க வேண்டும்?

இப்போது நடப்பதைவிடக் கூடுதலாக என்பதே பெரும்பாலோருக்கு என் பதில். வட அமெரிக்காவில் பக்கவாத மறுவாழ்வு மையங்களில் கவனித்து எண்ணிப் பார்த்தபோது, ஒரு பயிற்சி வேளையில் நோயாளி எடுத்துவைத்த அடிகள் சராசரியாக 357 மட்டுமே என்று 2009-இல் ஓர் ஆய்வு சொன்னது. மூளையின் இணைப்புகளை மாற்ற அது போதாது. நம் ஊரில் எண்ணெய் தேய்த்து உருவிவிடுவதற்கும், கட்டிலில் படுத்தபடியே காலை மடக்கி நீட்டுவதற்கும் ஒரு மணி நேரம் போகிறது. நடப்பதற்குப் பத்து நிமிடம். உருவிவிடுவது இதமாக இருக்கலாம், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் நடை நடப்பதால்தான் வருகிறது.

கொஞ்சம் மூச்சு வாங்க வேண்டும், ஆனால் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடிய வேண்டும். அந்த அளவு வேகம் சரி. இதய நோயும் கட்டுக்குள் வராத ரத்த அழுத்தமும் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தொடங்க வேண்டும். சென்னை வெயிலில் காலை ஏழு மணிக்கு முன்பும் மாலை ஐந்தரைக்குப் பின்பும்தான் வெளியே செல்ல வசதி. அருகிலுள்ள மாநகராட்சிப் பூங்காவின் சமதளப் பாதை ஏற்றது. உடைந்த நடைபாதையையும் கடற்கரை மணலையும் நடை நன்கு தேறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆறு மாதம் கடந்துவிட்டது. இனி முன்னேற்றமே இராது என்கிறார்களே?

இந்தப் பேச்சுக்கு ஓர் அடிப்படை உண்டு. கோபன்ஹேகனில் 804 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 1995-இல் வெளியான ஆய்வில், 95 விழுக்காட்டினர் தங்கள் நடையின் சிறந்த நிலையை 11 வாரங்களுக்குள் எட்டிவிட்டார்கள். ஆனால் அங்கே அளந்தது, நடக்க ஆள் உதவி தேவையா இல்லையா என்பதையே. வேகம், தூரம், களைப்பு ஆகியவை அந்த அளவுகோலில் தெரியாது.

பக்கவாதம் வந்து ஆறு மாதத்துக்கு மேல் ஆன 71 பேரை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஆறு மாத காலம் வாரம் மூன்று முறை டிரெட்மில் நடையும் மற்றதற்குத் தசை நீட்டும் பயிற்சியும் கொடுத்து, முன்னும் பின்னும் மூளையை எம்.ஆர்.ஐ.யில் படம் பிடித்த ஆய்வு 2008-இல் வெளிவந்தது. டிரெட்மில் குழுவின் நடை வேகம் கூடியது. முழங்காலை அசைக்கும்போது சிறுமூளையிலும் நடுமூளையிலும் செயல்பாடும் கூடியது. அதாவது, காலம் கடந்த பிறகும் மூளை மாறுகிறது, அதுவும் நடையின் பழைய மையங்கள் இருக்கும் ஆழத்தில். முதல் வாரங்களின் வேகத்தை எதிர்பார்க்காதீர்கள். வாக்கரிலிருந்து கைத்தடிக்கு வர ஓராண்டு ஆகலாம். ஆறு மாதத்தோடு பயிற்சியை நிறுத்துவதற்கு மட்டும் காரணமே இல்லை.

ரோபோ, டிரெட்மில், மூளைக்குக் காந்தத் தூண்டல் என்றெல்லாம் விளம்பரம் வருகிறது. பணம் செலவழிக்கலாமா?

அமெரிக்காவில் 408 பேரிடம் செய்து 2011-இல் வெளியான ஆய்வில், உடலைக் கச்சையில் தொங்கவிட்டு டிரெட்மில்லில் நடத்திய பயிற்சியும், பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வந்து கொடுத்த வலு, சமநிலைப் பயிற்சியும் ஓராண்டு முடிவில் ஒரே அளவு பலன் தந்தன. இயந்திர உதவி நடை, முதல் மூன்று மாதத்தில் இருக்கும், இன்னும் நடக்கவே முடியாதவர்களுக்கு அதிகம் உதவுகிறது. நடையைப் பொறுத்தவரை காந்தத் தூண்டல் இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது. ஒரு காலத்தில் பெரிதும் நம்பப்பட்ட ஃபுளுஆக்ஸெடின் மாத்திரை, 3,127 பேரிடம் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில் உடல் இயக்கத்தை மேம்படுத்தவில்லை. எலும்பு முறிவுகளைக் கூட்டியது. மனச்சோர்வுக்காக மருத்துவர் அதை எழுதியிருந்தால் அது வேறு விஷயம், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பாதம் தொய்ந்து தரையில் உரசுகிறது. பிளாஸ்டிக் ஸ்பிளிண்ட் போட்டால் கால் அதற்குப் பழகிப்போய்விடாதா?

பழகிவிடாது. கணுக்காலைத் தாங்கும் இந்த ஸ்பிளிண்ட், அதாவது ஏ.எஃப்.ஓ., இருந்தால் விரல் நுனி தடுக்காது, முழங்காலும் நிலைபெறும். அதனால் அடிகள் கூடுகின்றன. இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. நம் வீட்டுக்குள் செருப்பு போடுவதில்லை. வெறும் ஏ.எஃப்.ஓ.வோடு மொசைக் தரையிலோ டைல்ஸிலோ நடந்தால் வழுக்கும். வீட்டுக்கென்றே, தெருவில் கால் வைக்காத, பின்பட்டையுள்ள ஒரு ஜோடியைப் புதிதாக வாங்கி வைத்துவிடுங்கள். பூஜை அறை வாசலில் நாற்காலி போட்டுக்கொள்ளலாம். கைத்தடி நல்ல கையில் இருக்க வேண்டும், பாதிக்கப்பட்ட கையில் திணிக்கக் கூடாது.

வீட்டில் நாங்களே பயிற்சி கொடுத்தால் போதுமா?

இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளிடம் நடந்து 2017-இல் வெளியான அட்டெண்ட் ஆய்வு இதைத்தான் சோதித்தது. குடும்பத்தினருக்குக் கற்றுக்கொடுத்து அவர்களே பயிற்சி அளித்தபோது, ஆறு மாத முடிவில் வழக்கமான கவனிப்பைவிட மேலான பலன் எதுவும் இல்லை. குடும்பம் தேவையில்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். பிசியோதெரபிஸ்ட் மாற்றியமைக்கும் பயிற்சியும், நாளெல்லாம் கூட இருக்கும் குடும்பமும் இரண்டும் வேண்டும்.

தாங்கும் முறையை மட்டும் சரியாகக் கற்றுக்கொள்ளுங்கள். பாதிக்கப்பட்ட பக்கத்தில், அரை அடி பின்னால் நில்லுங்கள். ஒரு கை அவர் இடுப்பில் கட்டிய அகலமான பெல்ட்டைப் பிடித்திருக்கட்டும். தளர்ந்த கையைப் பிடித்து ஒருபோதும் இழுக்காதீர்கள். தோள்மூட்டு இறங்கி, பிறகு வரும் வலி நடையையே நிறுத்திவிடும். நிலைவாசற்படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பாதிக்கப்பட்ட கால் முதலில்.

சென்னையில் செலவில்லாமல் எங்கே போகலாம்?

சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் நரம்பியல் பிரிவும் பிசியோதெரபியும் உள்ளன. கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது, ஏ.எஃப்.ஓ. போன்ற சாதனங்களுக்கு அங்கே கேளுங்கள். வெளியே அழைத்துச் செல்லவே முடியாத நிலை என்றால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி அளிக்கும் ஏற்பாடு உண்டு. உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யலாம்.

நன்றாக நடந்துகொண்டிருந்தவர் யாருடனும் பேசாமல், பயிற்சிக்கும் எழ மறுக்கிறார்.

பக்கவாதத்துக்குப் பின் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அதைச் சோம்பல் என்று திட்டாதீர்கள். மருத்துவரிடம் சொன்னால் சிகிச்சை இருக்கிறது.

நடை திடீரென்று மோசமானால்?

காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, ரத்தத்தில் சோடியம் குறைதல், தூக்கம் கெடுதல் ஆகியவை ஓரிரு நாளில் நடையைத் தளர்த்திவிடும். இவற்றைச் சரிசெய்தால் பழைய நிலை திரும்பும். ஆனால் நிமிடங்களில் கால் தளர்ந்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, அது மற்றொரு பக்கவாதமாக இருக்கலாம். படுக்கவைத்துக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதை ஒரு தாளில் குறித்து எடுத்துச் செல்லுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும் என்பதால், மருத்துவர் முதலில் கேட்பது அந்த நேரத்தைத்தான்.